19-ஆவது உறுப்பு 1-ஐத் தாண்டுகிறது: பிழை நிரலிலா, தொடரிலா?

#1 கோடைமழை

எம்எஸ்சி இரண்டாம் ஆண்டு. குவாண்டம் புலக் கோட்பாட்டில் பெர்டர்பேஷன் தொடரின் (விடையைச் சிறிய பிணைப்பு எண்ணின் அடுக்குகளாக விரிப்பது) வெகுதூர உறுப்புகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது புராஜெக்ட். "புலத்துக்குப் போகுமுன் ஒரு பொம்மையைப் போட்டுப் பார்" என்று வழிகாட்டி ஒரு தொகையீடு கொடுத்தார். இங்கே சமன்பாடு தட்ட வசதியில்லை, சொல்லிலேயே எழுதுகிறேன்.

எக்ஸ்ப்(−ய²/2 − க·ய⁴) என்பதை, ய முழுக் கோட்டிலும் ஓட, தொகையிட வேண்டும். √(2பை)-யால் வகுத்தால் க = 0 ஆகும்போது விடை 1. 'க' தான் பிணைப்பு எண். ய² பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு ய⁴ பகுதியை மட்டும் க-வின் அடுக்குகளாக விரித்தேன். கெழுக்கள் 1, −3, 52.5, −1732.5, 84459.375 என்று போகின்றன. க = 0.01 என்று போட்டபோது உறுப்புகளின் அளவு (குறியை விட்டுவிட்டு):

1-ஆவது 0.03
2-ஆவது 0.00525
3-ஆவது 0.00173
4-ஆவது 0.00084
5-ஆவது 0.00055
6-ஆவது 0.00044
7-ஆவது 0.00042
8-ஆவது 0.00048
10-ஆவது 0.00088
15-ஆவது 0.022
19-ஆவது 1.08
20-ஆவது 3.28

ஏழு வரைக்கும் ஒழுங்காக இறங்கிய பிள்ளை, எட்டிலிருந்து ஏற ஆரம்பிக்கிறது. கணினியில் நேரடியாகத் தொகையிட்டால் விடை 0.97405. எங்கே தப்பு செய்தேன்?

#2 சந்தேகி

டபுள் பிரிசிஷன் பிரச்சினையாக இருக்கும். பெரிய ஃபேக்டோரியலைப் பெரிய ஃபேக்டோரியலால் வகுத்திருப்பீர்கள்.

#3 கோடைமழை

இல்லை, பின்னங்களாகவே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு இலக்கம்கூட மாறவில்லை.

#4 பழைய_வாத்தியார்

தம்பி, நிரலில் தப்பில்லை. தொடரே அப்படித்தான். ஏன் என்று தெரிய, க-வின் குறியை மாற்றிப் பாருங்கள். −0.01 வேண்டாம், −0.0000001 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ய பெரிதாகப் பெரிதாக ய⁴ என்றைக்காவது ய²-ஐ ஜெயித்துவிடும், எக்ஸ்ப் வெடிக்கும், தொகையீட்டுக்கு அர்த்தமே கிடையாது. ஒரு அடுக்குத் தொடர் குவிந்தால் பூஜ்ஜியத்தைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் குவியும். வட்டத்துக்கு இடது வலது தெரியாது. இடப்பக்கம் எவ்வளவு நெருங்கிப் போனாலும் பள்ளம் என்றால் வட்டத்தின் ஆரம் பூஜ்ஜியம். அவ்வளவுதான்.

இதே வாதத்தை 1952-இல் ஃப்ரீமன் டைசன் குவாண்டம் மின்னியக்கவியலுக்குப் போட்டார். கட்டுரை இரண்டே பக்கம். மின்னூட்டத்தின் வர்க்கத்தைக் குறை எண்ணாக மாற்றினால் ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுக்கும். அப்படிப்பட்ட உலகத்தில் வெற்றிடத்திலிருந்து எலெக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடிகளைக் கிளப்பி, எலெக்ட்ரான்களை ஒரு மூலையிலும் பாசிட்ரான்களை எதிர் மூலையிலும் குவித்து வைக்கலாம். ஆயிரம் ஜோடிக்கு ஆகும் செலவு ஆயிரம் மடங்கு. ஒரே மூலையில் நெருக்கிவைப்பதால் கிடைக்கும் இழுப்பாற்றலின் லாபமோ ஆயிரத்தின் வர்க்கத்தை ஒட்டி. ஒரு கட்டத்துக்கு மேல் லாபம் செலவைத் தாண்டிவிடும், வெற்றிடம் நிற்காமல் சரியும். ஆகவே அங்கேயும் குவிவு ஆரம் பூஜ்ஜியம்.

உங்கள் கணக்கிலேயே இதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். முதல் உறுப்புக்கு எந்த ய அதிகம் பங்களிக்கிறது? ய⁴-ஐயும் எக்ஸ்ப்(−ய²/2)-ஐயும் பெருக்கினால் உச்சம் ய² = 4-இல் வரும். அங்கே க·ய⁴ = 0.16. சரி, சிறியதுதான். ஏழாவது உறுப்புக்கு உச்சம் ய² = 28-இல்; க·ய⁴ = 7.84. பத்தொன்பதாவதுக்கு ய² = 76; க·ய⁴ கிட்டத்தட்ட 58. 'சிறு மாற்றம்' என்று சொல்லி ஆரம்பித்தோம், 58 எந்த ஊரில் சிறியது? எண் 0.01 சிறியதாக இருக்கலாம், வெகுதூர உறுப்பு போய் நிற்கும் இடத்தில் அது சிறியதில்லை. தொகையீட்டையும் கூட்டலையும் இடம் மாற்றியபோதே இது நடந்துவிட்டது.

#5 கோடைமழை

ஐயா, அந்த 58 போட்டதும் புரிந்துவிட்டது. ஆனால் இன்னொன்று இடிக்கிறது. நிஜத் தொடரும் இப்படி என்றால் எலெக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறன் எப்படிப் பன்னிரண்டு இலக்கம் பொருந்துகிறது?

#6 லூப்_எண்ணி

ஏனென்றால் நாம் இன்னும் இறக்கத்தில்தான் இருக்கிறோம்.

அந்தத் தொடரை (ஆல்ஃபா/பை)-யின் அடுக்குகளில் எழுதுவார்கள்; ஆல்ஃபா என்பது மின்விசையின் பிணைப்பு எண், சுமார் 1/137. அந்த எண் 0.00232. கெழுக்கள்: 0.5 (ஷ்விங்கர், 1948), −0.328, 1.181, −1.912, ஐந்தாவது 6-க்குப் பக்கம். ஃபெய்ன்மன் படங்களின் எண்ணிக்கை 1, 7, 72, 891, 12672. படங்கள் தாறுமாறாகப் பெருகியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கெழுக்கள் சாதுவாக இருக்கின்றன. நாலாவது லூப்பின் (அதாவது தொடரின் நாலாவது படியின்) 891 படங்களை 1100 இலக்கத் துல்லியத்துக்குக் கணக்கிட்டு லப்போர்ட்டா 2017-இல் வெளியிட்டார்; ஏறக்குறைய இருபது வருட வேலை. இரண்டாவது கெழுவிலேயே 1950-இல் தப்பு நடந்து, 1957-இல்தான் பீட்டர்மனும் சாமர்ஃபீல்டும் தனித்தனியாகத் திருத்தினார்கள். ஏழே படம்! புராஜெக்டில் எண் தப்பினால் மனம் தளர வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கே நிறுத்துவது என்பதற்குப் பழைய விதி: மிகச் சிறிய உறுப்பு எதுவோ அங்கே நில். உங்கள் தொடரில் அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் சுமாராக 16·ந·க (ந என்பது எத்தனையாவது உறுப்பு). அது 1 ஆகுமிடம் ந = 1/(16க) = 6.25. உங்கள் பட்டியலிலும் 6, 7-இல்தான் அடிமட்டம். ஆறு வரை கூட்டினால் 0.97426, ஏழு வரை கூட்டினால் 0.97383. உண்மை 0.97405, இரண்டுக்கும் நட்ட நடுவில். இதற்குமேல் வெறுமனே கூட்டிக்கொண்டே போனால் விடை கெடும். மின்னியக்கவியலில் இதே விதிப்படி அடிமட்டம் நூறைத் தாண்டி எங்கோ வரும் (டைசன் சொன்னதும் ஆல்ஃபாவின் தலைகீழ், 137-ஐ ஒட்டிய உறுப்பு). அங்கே பிழை எவ்வளவு தம்மாத்தூண்டு என்று நீங்களே கணக்குப் போடலாம்.

#7 சந்தேகி

அப்படியானால் இந்தத் தலைப்பே வெட்டி வேலை இல்லையா? அஞ்சாவது லூப்புக்கே நாக்குத் தள்ளுகிறது, 137-ஆவது உறுப்பை யார் பார்க்கப் போகிறார்கள்? அது விரிந்தால் என்ன, குவிந்தால் என்ன?

#8 மதியழகி

சந்தேகி, 137 வரை போக வேண்டாம். நான்காவதிலேயே காட்டுகிறேன். கனமான குவார்க்குகள்தான் எனக்குச் சோறு போடுகின்றன, அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் சூடாகிவிடுவேன்.

குவார்க்கின் நிறையைப் பல விதமாக வரையறுக்கலாம். 'குறுந்தூர நிறை' என்று ஒன்று (எம்எஸ்-பார் என்போம்), 'துருவ நிறை' என்று இன்னொன்று. பின்னது, துகள் தனியாக வெளியே வந்தால் எடை போட்டு என்ன வருமோ அது. இரண்டுக்கும் இடையிலான தொடர் நான்கு லூப் வரை 2015-இல் கிடைத்தது. டாப் குவார்க்குக்கு, ஜிஇவி அலகில்:

163.643 + 7.557 + 1.617 + 0.501 + 0.195

அழகாக இறங்குகிறது. இப்போது பாட்டம் குவார்க். 4.16-இல் ஆரம்பித்து, அடுத்து வரும் திருத்தங்கள் சுமார் 0.40, 0.20, 0.15, 0.14.

கடைசி இரண்டைப் பாருங்கள். மூன்றாவது லூப்பும் நான்காவது லூப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இன்னும் ஒரு லூப் கணக்கிட்டு நிறையைத் துல்லியமாக்கலாம் என்று நினைத்தவர்கள் வாயில் மண். அடிமட்டம் வந்துவிட்டது. இதற்குமேல் கணக்கு எவ்வளவு கடுமையாகப் போட்டாலும் பாட்டத்தின் துருவ நிறையை இந்த அளவுக்குக் கீழே கூர்மையாக்க முடியாது.

ஏன்? குவார்க் தனியாக வெளியே வராது. வராத ஒன்றை எடை போடுகிறேன் என்றோம். தொடர் அதை நாலாவது உறுப்பிலேயே சொல்லிவிட்டது. பெனெக்கே-பிரவுன் ஒரு பக்கம், பிகி, ஷிஃப்மன், உரால்ட்செவ், வைன்ஷ்டைன் மறுபக்கம், 1994-இலேயே சொன்னார்கள்: துருவ நிறைக்குள் வலு விசையின் இயல்பளவை (லாம்டா) ஒட்டிய ஒரு தீராத மங்கல் இருக்கிறது. அதற்கப்புறம்தான் துறையில் வேறு நிறை வரையறைகளுக்கு ஆள் சேர்ந்தது. வெட்டி வேலையா?

#9 சந்தேகி

சரி, பாட்டம் குவார்க் அளவுக்கு வாபஸ்.

#10 நெய்தல்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். விரியும் தொடருக்கு மதிப்புக் கொடுப்பது என்றால், ராமானுஜன் 1913-இல் ஹார்டிக்கு எழுதிய 1+2+3+... = −1/12 விவகாரம்தானே இது?

#11 பழைய_வாத்தியார்

தூரத்துச் சொந்தம், ஒரே வீடு இல்லை. 1, 2, 3 என்று போகும் கெழுக்களை வைத்து அடுக்குத் தொடர் எழுதினால் அது 1-க்குள் ஒழுங்காகக் குவியும். வட்டத்தின் விளிம்பில் போய் நின்றுகொண்டு மதிப்புக் கேட்கிறோம். இங்கே வட்டமே இல்லை. இங்கே நெருங்கிய சொந்தம் ஆய்லர் எடுத்துக்கொண்ட 1 − 1 + 2 − 6 + 24 − 120... தான். அதற்கு அவர் 0.596 என்று விடை கண்டார். எப்படி என்பது இந்த இழையில் பின்னால் வரும், யாராவது கேட்டால்.

இப்போது நான் சொல்ல நினைத்த கதை. தம்பியின் பொம்மைக்கு அடுத்த படி, ஒரு துகள், ஒரு ஸ்பிரிங், கூடவே க·ய⁴. அடிநிலை ஆற்றலின் தொடர்:

1/2 + (3/4)க − (21/8)க² + (333/16)க³ − (30885/128)க⁴ + (916731/256)க⁵ − ...

1969-இல் பெண்டரும் வூவும் இதன் முதல் 75 கெழுக்களைக் கணினியில் எடுத்தார்கள். கெழுக்கள் எப்படி வளர்கின்றன என்று எண்களைப் பார்த்தே ஒரு சூத்திரம் எழுதினார்கள்: அடுத்தடுத்த கெழுக்களின் விகிதம் 3 × (ந + 1/2)-ஐ நோக்கிப் போகும். மேலே உள்ளவற்றை வைத்தே சரிபார்க்கலாம். 20.81-இலிருந்து 241.29, விகிதம் 11.6, சூத்திரம் சொல்வது 10.5. அடுத்து 3580.98, விகிதம் 14.8, சூத்திரம் 13.5. நான் இதை முதலில் கையால் போட்டபோது, 'பத்து சதவீதம் உதைக்கிறதே' என்று மண்டையைக் குடைந்தேன். தூரம் போகப் போக உதைப்பு கரையும்.

அந்த 3 எங்கிருந்து வந்தது? அதுதான் சங்கதி. க-வைக் குறை எண் ஆக்குங்கள். நடுவில் ஒரு கிண்ணம், இருபுறமும் மேடு, மேட்டுக்கு அப்பால் அதலபாதாளம். கிண்ணத்துத் துகள் டனலிங் ஆகி வெளியேறும். அந்த வேகம் எக்ஸ்ப்(−1/(3|க|)) என்று போகும். பள்ளிக்கூடத் தொகையீடுதான், ஒரு வரியில் வந்துவிடும். ஆற்றலுக்கு ஒரு கற்பனைப் பகுதி முளைக்கிறது. கலப்பெண் தளத்தில் கோஷியின் வாய்ப்பாட்டைப் போட்டால், க > 0 பக்கத்துத் தொடரின் ந-ஆவது கெழு அந்தக் கற்பனைப் பகுதியை |க|-வின் (ந+1)-ஆவது அடுக்கால் வகுத்துத் தொகையிட்டதுதான். எக்ஸ்ப்(−1/(3|க|))-ஐ அப்படித் தொகையிட்டால் என்ன வரும்? 3-இன் ந-ஆவது அடுக்கும், ஒரு ஃபேக்டோரியலும்.

கிண்ணத்தின் அடியில் உட்கார்ந்துகொண்டு, மேட்டைப் பார்க்காமலே, வெறும் ய⁴-ஐ மேலும் மேலும் சேர்த்து எடுத்த கெழுக்கள் அவை. ஆனாலும் மறுபக்க மேட்டின் கனத்தை அவை அறிந்திருக்கின்றன.

#12 கோடைமழை

இதைப் புலத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? அங்கே 75 கெழுக்கள் யாரிடமும் இல்லையே.

#13 பழைய_வாத்தியார்

1977-இல் லிப்படோவ் செய்தது அதுதான். கெழுக்களைக் கணக்கிடவே இல்லை. ந-ஆவது கெழு என்பதே பாதைத் தொகையீட்டின் மீது இன்னொரு தொகையீடு; ந பெரிதானால் அதற்குச் சேணப்புள்ளி முறையை (தொகையீட்டின் கனம் குவியும் புள்ளியைச் சுற்றி மட்டும் மதிப்பிடுவது) போடலாம் என்றார். சேணப்புள்ளியில் உட்கார்ந்திருப்பது இன்ஸ்டன்டான், புலத்தின் டனலிங் பாதை. நாலு பரிமாண ஃபை-நான்கு கோட்பாட்டில் (ய⁴-க்குப் பதில் புலத்தின் நான்காம் அடுக்கு; பிணைப்பை 4!-ஆல் வகுத்து எழுதும் வழக்கப்படி) அதன் ஆக்ஷன் 16பை² வகுத்தல் க. ஆகவே கெழுக்கள் ந! வகுத்தல் (16பை²)-இன் ந-ஆவது அடுக்கு என்று வளரும், முன்னால் ந-வின் ஏதோ ஒரு அடுக்கு. அதே வருடம் பிரெசான், லெ கியூ, சின்-ஜுஸ்டான் மூவரும் இதை விரிவாகப் போட்டார்கள். முதல் மூன்று படத்துக்கே தாள் தீர்ந்துபோகும் ஒரு தொடரின் ஆயிரமாவது உறுப்பைப் படமே வரையாமல் சொல்ல முடிகிறது.

#14 லூப்_எண்ணி

வாத்தியார் ஐயா, மரியாதையோடு ஒரு மறுப்பு. இன்ஸ்டன்டானோடு கதை முடிந்தது போல எழுதிவிட்டீர்கள். அது படங்களின் எண்ணிக்கையால் வரும் ந!. ஒரே ஒரு படமே தனியாக ந! கொடுக்கும் கேஸ் இருக்கிறது, அதே 1977-இல் 'ட் ஹூஃப்ட் இத்தாலியின் எரிச்சேயில் பேசியது. மதியழகி சொன்ன பாட்டம் குவார்க்கை அடித்துச் சாய்ப்பது இன்ஸ்டன்டான் இல்லை, இதுதான். பெயர் ரீநார்மலான்.

ஒரு குளுவான் கோட்டில் குமிழி குமிழியாக ந குமிழிகளைக் கோத்துக்கொள்ளுங்கள், பாசிமணி மாதிரி. ஒவ்வொரு குமிழியும் உந்தத்தின் ஒரு லாக் கொடுக்கும். கடைசியில் தொகையிட வேண்டியது, சாரமாக, 0-விலிருந்து 1 வரை உ × (லாக்(1/உ))-இன் ந-ஆவது அடுக்கு. விடை ந! வகுத்தல் 2-இன் (ந+1)-ஆவது அடுக்கு. ஒரே படம், ந! வந்துவிட்டது. ந ஏற ஏறத் தொகையீட்டின் கனம் உ = எக்ஸ்ப்(−ந/2) பக்கம் நகர்கிறது. அதாவது குளுவானின் உந்தம் மிக மிகக் குறைந்த இடம், வலு விசையில் பெர்டர்பேஷனே செல்லாத இடம். தொடர் கால் வைக்கக் கூடாத இடத்தில் கால் வைக்கிறது.

#15 பழைய_வாத்தியார்

ஒப்புக்கொள்கிறேன். என் தலைமுறைக்கு ஆசிலேட்டர் மயக்கம். ஸ்பிரிங்கில் பிணைப்பு எண் உந்தத்தோடு ஓடாது, ஆகவே அங்கே ரீநார்மலான் கிடையாது. அதை வைத்தே புலத்தையும் நினைத்துக்கொள்வோம்.

#16 சந்தேகி

இந்தப் பாசிமணியை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா, இல்லை எல்லாம் வாய்க்கணக்கா?

#17 லூப்_எண்ணி

பார்த்திருக்கிறார்கள். படம் வரையாமல், லாட்டிஸில் (வெளியையும் காலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து) ஸ்டோகாஸ்டிக் முறையில் தொடரை உறுப்பு உறுப்பாகப் பிழிந்தெடுக்கலாம். பாலி, பவர், பினேடா குழு அசையாத மின்னூட்டத்தின் தன்னாற்றலை 20-ஆவது அடுக்கு வரையும், பிளாக்கெட் (கட்டத்தின் மிகச் சிறிய சதுரம்) என்னும் அளவை 35-ஆவது அடுக்கு வரையும் எடுத்தது (2012 முதல் 2014 வரை). கெழுக்களின் விகிதம் ரீநார்மலான் சொன்ன கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

#18 கோடைமழை

யாராவது கேட்டால் என்றார் ஐயா, நான் கேட்கிறேன். விரியும் தொடரிலிருந்து 0.97405-ஐத் திரும்ப எடுப்பது எப்படி? ஆய்லரின் 0.596 எப்படி?

#19 மதியழகி

போரெல் வழி. ஒவ்வொரு கெழுவையும் ந!-ஆல் வகு. கொழுப்பு கரைந்த தொடர் இப்போது குவியும். அதைக் கூட்டி ஒரு சார்பாக எழுது. பிறகு எக்ஸ்ப்(−த)-ஆல் பெருக்கி 0-விலிருந்து முடிவிலி வரை தொகையிட்டால், வகுத்த ந! திரும்ப வந்துவிடும். ஆய்லர் தொடரில் வகுத்த பிறகு மிஞ்சுவது 1 − த + த² − ..., அதாவது 1/(1+த). எக்ஸ்ப்(−த)/(1+த)-ஐத் தொகையிட்டால் 0.5963.

த = −1-இல் அந்தச் சார்பு வெடிக்கிறது, ஆனால் நாம் நடக்கும் பாதை வலப்பக்கம், ஆபத்தில்லை. உங்கள் பொம்மையில் வெடிக்கும் இடம் −1/16, அதுவும் இடப்பக்கம். குறிகள் மாறி மாறி வருவதன் பொருள் இதுதான். ஸ்பிரிங்குக்கு இது செல்லும் என்று 1970-இல் கிராஃபி, கிரெக்கி, சைமன் நிறுவினார்கள்.

அவசரத்துக்குப் பாடே போட்டாலும் வேலை நடக்கும்: தொடருக்குப் பதில் மேலே ஒரு பல்லுறுப்பு, கீழே ஒரு பல்லுறுப்பு. போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

#20 கோடைமழை

போட்டேன் அக்கா. நாலே கெழுக்களை வைத்து இரண்டு-வகுத்தல்-இரண்டு பாடே: 0.97407. ஏழு உறுப்பு கூட்டியும் கிடைக்காத துல்லியம், பிழை பத்தில் ஒரு பங்கு. ஆசை வந்து க = 1 போட்டேன். வெறும் தொடர் 1 − 3 + 52.5 என்று பைத்தியம் பிடித்து ஓடுகிறது, பாடே 0.77 தருகிறது, உண்மை 0.62. பேராசைதான்.

#21 மதியழகி

அந்த க = 1 போன்ற நிலைமைதான் நிஜத்தில் கிராக்கி. நீர் கொதிநிலைக் கோட்டின் முடிவுப் புள்ளியிலும், காந்தம் காந்தத்தன்மையை இழக்கும் இடத்திலும் வரும் அடுக்கெண்களுக்கு 3 பரிமாண ஃபை-நான்கு தொடர் வேண்டும். அங்கே பிணைப்பு எண் சிறியதே இல்லை. நிக்கலும் தோழர்களும் 1970-களில் ஆறு லூப் வரை கெழுக்களை எடுத்தார்கள். லெ கியூவும் சின்-ஜுஸ்டானும் லிப்படோவ் பாணித் தகவலை, அதாவது போரெல் சார்பு எந்த இடத்தில் எப்படி வெடிக்கும் என்பதை, அந்த ஆறு கெழுக்களோடு சேர்த்துக் கூட்டினார்கள். 1980-இல் ஐசிங் வகைக்கு (மேலே சொன்ன நீரின் முடிவுப் புள்ளி சேரும் வகை) அவர்கள் தந்த நியூ, அதாவது அந்தப் புள்ளியை நெருங்கும்போது தொடர்பு நீளம் வளரும் அடுக்கெண், 0.630. 2016-இல் கன்ஃபார்மல் பூட்ஸ்ட்ராப், லூப் வாசனையே இல்லாத முற்றிலும் வேறு வழி, கொடுத்தது 0.629971.

எனக்கு இந்தத் துறையில் பிடித்த இடம் இதுதான். முதல் ஆறு உறுப்பும் தெரியும், ஆயிரமாவது உறுப்பின் சாயலும் தெரியும், நடுவில் ஒன்றும் தெரியாது. அதுவே போதுமாக இருக்கிறது.

#22 சந்தேகி

ஹீலியம் மட்டும் உதைக்கிறதே? 1992 அக்டோபரில் கொலம்பியா விண்ணோடத்தில் அனுப்பி லாம்டா புள்ளியை (திரவ ஹீலியம் மீபாய்மமாக மாறும் இடம்) அளந்தார்கள். அதன்படி வெப்ப ஏற்புத்திறனின் அடுக்கெண் −0.0127, நியூ 0.6709. பூட்ஸ்ட்ராப் அதற்கு 0.67175 என்கிறதாம்.

#23 லூப்_எண்ணி

ஆமாம், உதைக்கிறது. பிழைப்பட்டைகளுக்கு வெகு வெளியே. அது தொடரின் தலைவலி இல்லை, தனி இழை போடுங்கள்.

இங்கே சொல்ல வேண்டியது இன்னொன்று. குறி மாறாமல் ஒரே குறியில் வரும் தொடர்களும் உண்டு. இரட்டைக் கிண்ணம் (நடுவில் மேடு, இருபுறமும் கிண்ணம்) அப்படி. வெடிக்கும் இடம் வலப்பக்கம், நடக்க வேண்டிய பாதையிலேயே உட்கார்ந்திருக்கிறது. மேலே சுற்றிப் போனால் ஒரு விடை, கீழே சுற்றிப் போனால் வேறு விடை, வித்தியாசம் கற்பனை எண். ஆற்றல் கற்பனையாக இருக்க முடியாது. 1980-81-இல் பொகொமோல்னியும் சின்-ஜுஸ்டானும் காட்டியது: இன்ஸ்டன்டானும் எதிர்-இன்ஸ்டன்டானும் ஜோடியாகத் தரும் பங்கிலும் அதே அளவு கற்பனைப் பகுதி எதிர்க்குறியோடு இருக்கிறது, இரண்டும் கழிந்துவிடும். தொடர் தனியாகவும் செல்லாது, இன்ஸ்டன்டான் தனியாகவும் செல்லாது. இந்தக் கணக்குத் தீர்க்கும் முறைக்குக் கணிதத்தில் எக்கால் வைத்த பெயர் ரிசர்ஜென்ஸ். நாலு பரிமாண வலு விசையில் இது முழுக்கச் செல்லும் என்று யாரும் நிறுவவில்லை. மாநாடுகளில் கேட்கும் தொனியைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

#24 கோடைமழை

வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். "குறியை மாற்றிப் போட்டாயா?" என்று மட்டும் கேட்டார்.

போட்டேன். க = −0.01. நேர்க்கோட்டில் தொகையிட்டால் வெடிக்கும், அதனால் ய ஓடும் கோட்டைக் கலப்பெண் தளத்தில் 45 பாகை திருப்பிவிட்டேன். விடைக்கு ஒரு கற்பனைப் பகுதி வருகிறது: 0.0013296. கோட்டை எந்தப் பக்கம் திருப்பினேன் என்பதைப் பொறுத்துக் குறி மட்டும் மாறுகிறது. சேணப்புள்ளி முறைப்படி வர வேண்டியது எக்ஸ்ப்(−6.25) வகுத்தல் √2, அதாவது 0.0013650. கிட்டத்தான், ஆனால் சரியாக ஒட்டவில்லை. எவ்வளவு குறைகிறது என்று ஒன்றை ஒன்றால் வகுத்தேன்.

0.97405.

இந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோம் இல்லையா? தற்செயலாக இருக்கும் என்று க-வை 0.02, 0.05 என்று மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வகுத்தால் வருவது க > 0 பக்கத்து விடையேதான்.

#25 பழைய_வாத்தியார்

தற்செயல் இல்லை தம்பி. சேணப்புள்ளியைச் சுற்றி ஏற்படும் திருத்தங்களைத் தொடராக எழுதிப் பாருங்கள். கெழுக்கள் 1, −3, 52.5 என்றே வரும். அதனால் உங்கள் 19-ஆவது கெழுவை 16-இன் அடுக்கு, ஃபேக்டோரியல் எல்லாவற்றாலும் வகுத்துவிட்டு 1-இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தால், முதல் திருத்தத்தில் அந்த −3 உட்கார்ந்திருக்கும். −3/16 வகுத்தல் ந. நிரலை மூடுமுன் அதையும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

#26 கோடைமழை

போட்டுக்கொண்டிருக்கிறேன் ஐயா. 19-க்கு 0.990 வருகிறது.